பஞ்சு, கரும்பு, ஓடை, ஆடு: வட இங்கிலாந்தில் விவசாயி பார்க்க வேண்டிய வீடுகள்

நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பூச்சி, உரம், விலை என்றே இருக்கும். அண்மையில் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. "மகள் மான்செஸ்டரில் செவிலியராக வேலை பார்க்கிறாள். கோடையில் இரண்டு மாதம் வந்து தங்கச் சொல்கிறாள். பழைய மாளிகை, மியூசியம் என்று சுற்றிக் காட்டுகிறாளாம். மூன்று ஏக்கர் பருத்தியும் பத்து ஆடும் வைத்திருக்கிற எனக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார் ஓர் அன்பர்.

நிறைய இருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் அந்தப் பக்கம் போன பிள்ளைகள் இன்று நம் கிராமங்களிலும் உண்டு. அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் கூடி வருகிறார்கள். என் மகள் லீட்ஸ் நகரில் படித்தபோது நானும் ஒரு கோடைக்காலம் அங்கே தங்கி, கிடைத்த நாளிலெல்லாம் சுற்றியிருக்கிறேன். அதனால் அன்பரின் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

போவதற்கு முன் ஒன்று. அந்த ஊர் மாளிகைகளுக்குள் நுழைந்ததும் கூரை ஓவியம், வெள்ளிப் பாத்திரம், பட்டுத்திரை என்று கண் ஓடும். பார்த்து மலைத்துவிட்டுத் திரும்பினால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்: இந்த வீட்டைக் கட்டிய பணம் எந்த நிலத்தில் விளைந்தது? அந்த நிலத்தில் பாடுபட்டவருக்கு அதில் என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியோடு போனால் அங்கே இருக்கிற வழிகாட்டிகளுக்கு இணையாக நீங்களும் பேசலாம்.

வட இங்கிலாந்தில் மூன்று ஊர்களை மையமாக வைத்துக்கொள்ளலாம். மேற்கே மான்செஸ்டர், நடுவில் லீட்ஸ், வடகிழக்கே நியூகாசில். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலிருந்து காலையில் கிளம்பினால் நான் சொல்லும் இடம் எதையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

பருத்தி போடுபவர் முதலில் போக வேண்டிய இடம்

மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு அடுத்தாற்போல் ஸ்டயல் என்று ஒரு சிற்றூர். அங்கே பொலின் என்ற சிறிய ஆற்றின் பள்ளத்தில் குவாரி பேங்க் என்ற நூற்பாலை நிற்கிறது. 1784-ஆம் ஆண்டு சாமுவேல் கிரெக் என்பவர் தொடங்கியது. 1939-இல் அந்தக் குடும்பத்தின் வாரிசு இதை நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். இந்த நேஷனல் டிரஸ்ட் 1895-இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை. பழைய வீடுகளையும் நிலங்களையும் வாங்கியும் கொடையாகப் பெற்றும் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கிறது. இந்தக் கட்டுரையில் அதன் பெயர் பலமுறை வரும்.

ஆலைக்குள் மாடி மாடியாகப் பருத்தியின் பயணத்தைக் காட்டுகிறார்கள். பஞ்சைக் கையால் அடித்துச் சுத்தம் செய்வது, சீவுவது, ராட்டையில் நூற்பது, பிறகு எந்திரம் வந்தது என்று வரிசையாகப் போகும். தறிகளை ஓட்டியும் காட்டுகிறார்கள். நாலைந்து தறி ஓடும்போதே பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. நூற்றுக்கணக்கான தறிகள் ஓடிய கூடத்தில் நாள் முழுவதும் நின்றவர்களின் காது என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கீழே பெரிய இரும்புத் தண்ணீர்ச் சக்கரம் சுழல்கிறது. இந்த ஆலை முதலில் ஓடியது நிலக்கரியால் அல்ல, ஆற்றுத் தண்ணீரால். அதனால்தான் ஊருக்கு வெளியே பள்ளத்தில் கட்டினார்கள். ஊருக்கு வெளியே என்றால் ஆளுக்கு எங்கே போவது?

அதற்குப் பதில் ஆலைக்கு அருகில் ஒரு வெள்ளை வீடாக நிற்கிறது. 1790-இல் கட்டப்பட்ட, தொழில் பழகும் பிள்ளைகளின் விடுதி அது. ஏழைகள் காப்பகங்களில் இருந்த சிறுவர் சிறுமியரை ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்து இங்கே தங்க வைத்தார்கள். தொண்ணூறு பிள்ளைகள் வரை இருந்தார்கள். சாப்பாடு, துணி, படுக்கை உண்டு, கூலி கிடையாது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வேலை. ஓடும் எந்திரத்துக்கு அடியில் நுழைந்து பஞ்சைக் கூட்டுவதும், அறுந்த நூலை முடிவதும் சின்ன உடம்புகளுக்கான வேலை. மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டால் இங்கே நிலைமை மேல் என்றும், பிள்ளைகளைப் பார்க்க ஒரு மருத்துவரையே வைத்திருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் 1806-இல் தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன் என்ற இரண்டு பையன்கள் இங்கிருந்து தப்பி, லண்டன் வரை நடந்தே போனார்கள். தாமஸுக்கு எந்திரத்தில் ஒரு விரல் போயிருந்தது. ஏன் ஓடினீர்கள் என்று விசாரித்தபோது தாயைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அந்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது.

அந்த விடுதியின் மாடியில் வரிசையாகக் கிடக்கும் சின்னக் கட்டில்களைப் பார்த்தபோது எனக்கு நம் மேற்கு மாவட்ட நூற்பாலை விடுதிகள்தான் நினைவுக்கு வந்தன. மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி மகளைச் சேர்த்துவிட்ட பெற்றோர் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். இருநூறு வருடம் முன்பு அங்கே நடந்ததை அவர்கள் மூடி மறைக்காமல் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நாம் அதை நின்று பார்க்க வேண்டும்.

கிரெக் குடும்பத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் வேலை செய்த தோட்டமும் இருந்தது. அந்த ஆலைக்கு வந்த பஞ்சும் மேற்கிந்தியத் தீவுகள், பிரேசில், பிறகு அமெரிக்காவின் தென்மாநிலங்கள் என்று அடிமைகள் பறித்த பஞ்சுதான். இவற்றையும் இப்போது அங்கே சொல்கிறார்கள்.

நம் பஞ்சுக்கு என்ன ஆனது?

மான்செஸ்டர் நகரின் நடுவில் ஆபிரகாம் லிங்கன் சிலை ஒன்று நிற்கிறது. அமெரிக்க அதிபருக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றும். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்கள் அடைக்கப்பட்டன. பஞ்சு வராமல் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் ஆலைகள் நின்றன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்து பட்டினி கிடந்தார்கள். அந்த நிலையிலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31-இல் கூடி, அடிமை முறையை ஒழிக்கும் லிங்கனை ஆதரித்துக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதமே லிங்கன் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். சிலையின் பீடத்தில் அந்தப் பதில் கடிதம் பற்றிய வாசகம் இருக்கிறது.

அந்தப் பஞ்சத்தில் லங்காஷயர் நம் நாட்டுப் பக்கம் திரும்பியது. இந்தியப் பஞ்சு எல்லாவற்றுக்கும் அங்கே 'சூரத்' என்றே பெயர். விலை பல மடங்கு ஏறியது. ஆனால் ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்தப் பஞ்சைக் கண்டாலே வெறுப்பு. காரணம் நம் விவசாயிகளுக்குத் தெரியும். நம் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகளின் இழை குட்டை. அங்கே எந்திரங்களெல்லாம் அமெரிக்கப் பருத்தியின் நீண்ட இழைக்காக அமைக்கப்பட்டவை. போதாததற்கு வழியில் வியாபாரிகள் சேர்த்த மண்ணும் குப்பையும். நூல் அறுந்துகொண்டே இருந்தது. நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால் அறுந்த ஒவ்வொரு இழையும் தொழிலாளியின் கூலியில் கழிந்தது.

1865-இல் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு திரும்பி வந்தது. இந்தியப் பஞ்சின் விலை சரிந்தது. விலை ஏறியிருந்தபோது கடன் வாங்கிப் பருத்தியை விரித்த தக்காணத்து விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். 1875-இல் பூனா, அகமதுநகர் பக்கங்களில் அவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தியதற்கு அந்தக் கடனும் ஒரு காரணம்.

எங்கோ நடந்த போரால் ஏறிய விலை நிலைக்காது என்பதை இன்றும் நாம் பருத்தியிலும் மஞ்சளிலும் பார்க்கிறோம். ஒரு பருவத்து விலையை நம்பி நிலம் முழுவதையும் ஒரே பயிருக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் முப்பது வருடமாகக் கூட்டங்களில் சொல்லி வருகிறேன். அந்தத் தறிகளின் பக்கத்தில் நின்று யோசித்தால் அது இன்னும் நன்றாக விளங்கும்.

மான்செஸ்டரில் இன்னொரு சிலையும் இருக்கிறது. தேவாலயத்துக்கு வெளியே காந்தி, 2019-இல் வைத்தது. 1931-இல் அவர் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்த தொழிலாளர்களைப் பார்க்க லங்காஷயரின் டார்வென் ஊருக்கே போனார். தங்கள் வேலை போனதற்கு அவரும் ஒரு காரணம் என்று தெரிந்தும், அவர்கள் அவரை அன்போடு சூழ்ந்துகொண்டார்கள். பெண் தொழிலாளர்கள் நடுவில் அவர் நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது. துணி, சாயம், அச்சு வேலைப்பாடு பார்க்க ஆசைப்படும் தாய்மார்கள் மான்செஸ்டர் விட்வொர்த் கலைக்கூடத்துக்கும் போகலாம், அனுமதி இலவசம்.

கரும்பில் எழுந்த மாளிகை

லீட்ஸ் நகரிலிருந்து ஹாரோகேட் போகும் 36-ஆம் எண் பேருந்து ஹேர்வுட் மாளிகை வாசலில் நிற்கும். 1759-இல் கட்டத் தொடங்கி 1771-இல் முடித்த வீடு. மரச் சாமான்கள் தாமஸ் சிப்பண்டேல் செய்தவை. அவர் பக்கத்து ஊரான ஆட்லியில் ஒரு தச்சரின் மகன். நாற்காலி மேசைகளை மட்டும் பார்க்கவே உலகெங்கும் இருந்து வருகிறார்கள். வாசலில் பெரிய ஏரி, புல்வெளிச் சரிவு, மரக்கூட்டம் எல்லாம் இயற்கையாக அமைந்ததுபோல் தெரியும். எல்லாமே திட்டம் போட்டு வெட்டி, நட்டு உண்டாக்கியவை.

இதைக் கட்டிய லாசெல்ஸ் குடும்பத்தின் பணம் பார்படோஸ் முதலான மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பிலிருந்தும், சர்க்கரை வியாபாரத்திலிருந்தும், அடிமை வியாபாரத்திலிருந்தும் வந்தது. கரும்பு போடுபவர்களுக்கு அதன் வேலை தெரியும். வெட்டிய கரும்பு காயக் கூடாது. வெட்டும் பருவத்தில் ஆலையும் அடுப்பும் இரவு பகலாக ஓடும். அதை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த மனிதர்களைச் சாட்டையால் அடித்துச் செய்ய வைத்தார்கள். 1833-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அந்த இழப்பீடு அடிமைகளுக்குப் போகவில்லை, உடைமையாளர்களுக்குப் போனது. ஹேர்வுட் பிரபுவுக்கு 1,200-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்காக 26 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது.

இப்போது அந்தக் குடும்பமே இதை வெளிப்படையாகப் பேசுகிறது. டேவிட் ஹேர்வுட் என்ற நடிகரின் முன்னோர் அந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவருக்கு அந்தப் பெயரே அப்படித்தான் வந்தது. 2023-இல் அவருடைய படத்தை அந்த மாளிகையில் மாட்டினார்கள்.

லீட்ஸிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் போகக்கூடிய சால்ட்டேர் வேறு கதை. டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி வியாபாரி, லிவர்பூல் கிடங்கில் வாங்குவாரின்றிக் கிடந்த அல்பகா ரோமத்தை வாங்கினார். தென் அமெரிக்க மலை ஆடுகள் போன்ற ஒரு கால்நடையின் ரோமம் அது. அதை நூற்க வழி கண்டுபிடித்துப் பெரும் பணம் சேர்த்தார். 1853-இல் பெரிய ஆலையைத் திறந்தார்; தொழிலாளர்களுக்குக் கல் வீடுகள், பள்ளி, மருத்துவமனை கொண்ட ஓர் ஊரையும் படிப்படியாகக் கட்டினார். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்குக்குப் பயன் கண்டவருக்குத்தான் லாபம் போனது. மலையில் அதை வளர்த்தவருக்குப் போகவில்லை. 1986-இல் ஆலை மூடியது. இடிக்காமல் அதையே கலைக்கூடமாக்கி, பக்கத்து பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் ஓவியங்களை வைத்திருக்கிறார்கள். 2001-இல் ஊர் முழுவதும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை.

ஓடையில் எரிந்த விளக்கு

நியூகாசிலுக்கு வடக்கே ராத்பரி அருகில் கிராக்ஸைட் என்ற வீடு. இதைக் கட்டிய ஆம்ஸ்ட்ராங் பிரபு பீரங்கியும் கப்பலும் செய்து விற்றவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் பீரங்கி விற்றார். அவர் பணம் எப்படி வந்தது என்பதற்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஆனால் தண்ணீரை அவர் கையாண்ட விதத்தைப் பார்க்க ஒவ்வொரு விவசாயியும் போகலாம்.

மொட்டைப் பாறைக் குன்றில் ஓடைகளை மறித்து ஏரிகள் வெட்டினார். மேல் ஏரியிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீரின் வேகத்தில் டைனமோ சுழன்றது. 1878-இல் வீட்டின் ஓவியக்கூடத்தில் மின்விளக்கு எரிந்தது. 1880-இல் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த பல்புகள் வந்தன. நீர்மின்சாரத்தால் விளக்கு எரிந்த உலகின் முதல் வீடு இது. சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைச் சுற்றுவதும், மாடிக்குச் சாமான் ஏற்றும் லிஃப்டும் தண்ணீர் விசையால்தான். 2014-இல் நேஷனல் டிரஸ்ட் அதே தண்ணீரில் 17 மீட்டர் நீளமுள்ள ஒரு திருகு விசைப்பொறியை வைத்து மறுபடியும் மின்சாரம் எடுக்கிறது.

எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு. ஒரே தண்ணீர் மேலே தேங்கி, இறங்கும்போது வேலை செய்து, கீழே மறுபடியும் தேங்குகிறது. நம் ஏரிச் சங்கிலிகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. மேல் ஏரிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரி நிறையும். வரத்துக்கால் அடைபட்ட நம் ஊர் ஏரிக்கரையில் நிற்பவர்களுக்கு அந்த ஓடைகளை இன்றும் சுத்தமாக வைத்திருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கும்.

மாட்டை வரைந்தவரும் மாட்டு மந்தையும்

நியூகாசிலுக்கு மேற்கே டைன் ஆற்றங்கரையில் செர்ரிபர்ன் என்ற சின்னப் பண்ணை வீடு. 1753-இல் இங்கே பிறந்த தாமஸ் பியூவிக்கின் அப்பா சிறு விவசாயி. கூடவே ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்கமும் குத்தகைக்கு வைத்திருந்தார். பியூவிக் மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கும் கலையில் தேர்ந்து, நாட்டின் விலங்குகளையும் பறவைகளையும் புத்தகமாக்கினார். ஆடு மாடு மேய்வது, மழையில் நனைந்தபடி ஒருவன் நடப்பது போன்றவை உள்ளங்கை அளவுப் படத்தில் உயிரோடு இருக்கும். மாளிகைகளுக்கு நடுவில் இப்படி ஒரு குடியானவர் வீடும் பாதுகாக்கப்பட்டிருப்பது நமக்கு ஆறுதல்.

1789-இல் பியூவிக் செதுக்கிய பெரிய படம் சில்லிங்ஹம் காளை. அந்த மந்தை இன்றும் இருக்கிறது. நியூகாசிலுக்கு வடக்கே சில்லிங்ஹம் கோட்டையின் பக்கத்துப் புல்வெளியில் பல நூறு வருடமாக அடைபட்டு வாழும் வெள்ளை மாடுகள். கொட்டில் கிடையாது, கறவை கிடையாது, மருத்துவமும் கிடையாது. குளிர்காலத்தில் கொஞ்சம் வைக்கோல் போடுவார்கள், அவ்வளவுதான். 1947-இன் கடும் பனியில் 13 மாடுகள் மட்டுமே மிஞ்சின. மறுபடியும் பெருகி இன்று நூறைத் தாண்டிவிட்டன. வெளிமாடு சேராததால் மரபணுவில் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கின்றன. உள்ளினச் சேர்க்கை கூடாது என்று உங்களிடம் சொல்லும் என் போன்றவர்களுக்கு அது ஒரு புதிர். ஆனால் அதைப் பார்த்து நீங்களும் ஒரே கிடாவை மந்தையில் வைத்துவிடாதீர்கள். எத்தனையோ தலைமுறையில் நலிந்ததெல்லாம் செத்து ஒழிந்தபின் மிஞ்சிய மாடுகள் அவை. கோமாரி வந்து ஒரே நாளில் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்காட்லாந்தில் இன்னொரு சிறு மந்தையையும் தனியே வைத்திருக்கிறார்கள். நாட்டு இன விதையை ஒரே வீட்டில் வைக்காமல் இரண்டு வீட்டில் வைக்க வேண்டும் என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் ஒரு நாளை பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். டர்ஹாம் பக்கம் இருக்கிறது. பழைய ஊர்த் தெரு, சுரங்கத் தொழிலாளர் வீடுகள், 1940-களின் பண்ணை எல்லாம் நிஜ அளவில் இருக்கின்றன. டிராம் வண்டியில் ஏறிப் போகலாம். அங்கே மணக்க மணக்க மீன் வறுப்பார்கள். வறுப்பது மாட்டுக் கொழுப்பில் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஆட்டோடு சேர்த்துக் கொடுத்த நிலம்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் உங்களை ஹில் டாப் பண்ணைக்குத்தான் அனுப்புவேன். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் வின்டர்மியர் போய், ஏரியைப் படகில் கடந்து, மேடேறி நடந்தால் நியர் சாரே என்ற சிற்றூர். அங்கே இருக்கிறது அந்த வீடு. மாளிகை இல்லை. தாழ்ந்த கூரை, கல் தரை, காய்கறித் தோட்டம். நம் ஓட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல் தலை குனிந்து நுழையலாம்.

பீட்டர் என்ற முயலின் கதையைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அதை எழுதி, படமும் வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் லண்டனின் பணக்கார வீட்டுப் பெண். முதலில் காளான்களை ஆராய்ந்தவர். வித்து முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் அவர் போக முடியவில்லை. வேறொருவர்தான் அதைச் சமர்ப்பித்தார். அவர் வரைந்த காளான் படங்கள் ஆம்பிள்சைட் ஊரின் ஆர்மிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பயிர் நோய் படித்த எவரும் அவற்றின் முன் அரைமணி நேரம் நின்றுவிடுவார்கள்.

முயல் கதை 1902-இல் வெளிவந்து நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் 1905-இல் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பிறகு புத்தகத்தில் வந்ததையெல்லாம் நிலத்தில் போட்டார். அடுத்தடுத்துப் பண்ணைகள் வாங்கினார். 1923-இல் ட்ரவுட்பெக் பார்க் என்ற பெரிய ஆட்டுப் பண்ணையை வாங்கியபோது அங்கே ஆடுகள் கல்லீரல் தட்டைப்புழுவால் நலிந்து கிடந்தன. நல்ல மேய்ப்பர்களை வைத்து, மருந்து கொடுத்து மந்தையை மீட்டார். முழங்கால் சேற்றில் நின்று சந்தையில் ஆடு பார்த்தார். அந்தப் பகுதி ஹெர்ட்விக் ஆட்டு வளர்ப்போர் சங்கம் 1943-இல் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பதவி ஏற்கும் முன் அந்த டிசம்பரில் அவர் இறந்துவிட்டார்.

ஹெர்ட்விக் என்பது அந்த மலைகளின் நாட்டு ஆடு. குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும், முகம் வெள்ளை. பனியிலும் மழையிலும் மலையுச்சியில் தாக்குப்பிடிக்கும். வேலியில்லாத மலையில் ஒவ்வொரு மந்தைக்கும் தன் மேய்ச்சல் எல்லை தெரியும். தாய் ஆட்டோடு திரிந்து குட்டி அதைக் கற்றுக்கொள்ளும்; அது தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும். மந்தையை விற்றுவிட்டால் புதிதாக வாங்கிவிடும் ஆடுகளுக்கு அந்த எல்லை தெரியாது. அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஆடு நிலத்தோடு சேர்ந்தது. குத்தகைதாரர் பண்ணைக்குள் வரும்போது பெட்டை எத்தனை, கிடா எத்தனை, குட்டி எத்தனை என்று எண்ணி, தரம் பார்த்து ஒப்படைப்பார்கள். விட்டுப் போகும்போது அதே எண்ணிக்கையில், அதே தரத்தில் அவர் திரும்பக் கொடுக்க வேண்டும். நடுவில் பெருகியது அவருக்கு. நம் ஊரில் ஆட்டை வாரத்துக்கு விடுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாரத்தில் குட்டியைப் பங்கு போடுகிறோம். அங்கே மந்தையைப் பங்கு போடாமல் காக்கிறார்கள்.

பாட்டர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும், பதினான்கு பதினைந்து பண்ணைகளும், மந்தைகளும் அவர் விருப்பப்படி நேஷனல் டிரஸ்டுக்குப் போயின. மலைப் பண்ணைகளில் சுத்த ஹெர்ட்விக் இனமே இருக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். நிலத்தை மட்டும் கொடுத்திருந்தால் இன்று அது ஓய்வு விடுதிகளாகியிருக்கும். ஆட்டையும் சேர்த்துக் கொடுத்ததால் விவசாயம் நின்றது.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். அந்த முரட்டுக் கம்பளிக்கு இன்று விலை இல்லை. கத்தரிக்கும் கூலிக்குக்கூடக் காணாது. குத்தகைதாரர்கள் இறைச்சி, சுற்றுலா, அரசின் சுற்றுச்சூழல் உதவித்தொகை என்று பலதையும் கூட்டித்தான் ஓட்டுகிறார்கள். 2001-இல் கோமாரி வந்து நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அப்புறப்படுத்தினார்கள். ஹெர்ட்விக் மந்தைகளிலும் பெரும் பங்கு போனது. மிஞ்சியவற்றை வைத்துத்தான் மறுபடியும் எல்லையைப் பழக்கினார்கள்.

நான் பார்த்த வீடுகளில் மற்றவை எல்லாம் எங்கோ இருந்த நிலத்திலிருந்தும் உழைப்பிலிருந்தும் பணத்தை எடுத்து எழுந்தவை. இந்த ஒரு வீட்டில்தான் வெளியே சம்பாதித்த பணம் நிலத்துக்குத் திரும்பியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளை இங்கே கூட்டிப் போய் நிறுத்துங்கள். ஊரில் இருக்கும் மூன்று ஏக்கரை, கிணற்றை, நாட்டு ஆட்டை என்ன செய்வது என்று குடும்பமாகப் பேச வேண்டிய பேச்சை அங்கே தொடங்கலாம்.

கிளம்பும் முன்

* ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போவது நல்லது. குளிர்காலத்தில் பல வீடுகள் மூடியிருக்கும். செர்ரிபர்ன் போன்ற சின்ன இடங்கள் கோடையிலும் எல்லா நாளும் திறப்பதில்லை. ஹில் டாப்பில் நேரம் குறித்த நுழைவுச்சீட்டுதான். பிள்ளைகளை முன்கூட்டியே பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.
* குவாரி பேங்க், கிராக்ஸைட், செர்ரிபர்ன், ஹில் டாப் நான்கும் நேஷனல் டிரஸ்டைச் சேர்ந்தவை. தனித்தனியாகச் சீட்டு வாங்குவதைவிடக் குடும்பமாக ஆண்டு உறுப்பினர் ஆவது லாபமா என்று கணக்குப் பாருங்கள். ஹேர்வுட், பீமிஷ் இரண்டுக்கும் தனிச் சீட்டு.
* 60 வயது கடந்தவர்களுக்கு ரயிலில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும் அட்டை உண்டு. கிராக்ஸைட், சில்லிங்ஹம் இரண்டுக்கும் கார் இருந்தால்தான் வசதி.
* வயல்கள் நடுவே பொதுப் பாதைகள் உண்டு, நடக்கலாம். திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். ஆட்டைத் தொடவோ தீனி போடவோ வேண்டாம்.
* இங்கிருந்து இறைச்சி, பால்கோவா, நெய் பலகாரம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்காது. அங்கிருந்து விதை, கிழங்கு, செடி கொண்டுவரவும் கூடாது. அனுமதியும் தாவரநலச் சான்றும் இல்லாமல் வரும் ஒரு செடி நம் பயிருக்குப் புது நோயைக் கொண்டுவரும்.
* கடைசியாக ஒன்று. அவர்களுக்கு இன்று கோமாரி இல்லை, நமக்கு இருக்கிறது. கொட்டிலில் போட்ட செருப்பை, ஷூவை அங்கே கொண்டுபோகாதீர்கள். வேறு வழியில்லை என்றால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.